ரீசெட் பட்டன்

வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கும் ஜெராக்ஸ் கடைகளுக்குத் திங்கள்கிழமைதான் பெரிய நாள். குறைதீர்வுக் கூட்டத்துக்கு அணைக்கட்டு, குடியாத்தம் பக்கமிருந்தெல்லாம் வருகிறவர்கள் மனு அடிக்க வந்து நிற்பார்கள். அப்படி ஒரு திங்கள் காலை எட்டரைக்கு அங்கே கடை வைத்திருக்கும் அக்காவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, சிஸ்டம் ஆனே ஆவல. ஓடியா."

சர்வீஸ் வேலையில் எனக்கு அப்போது இரண்டு வருஷம். எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும் வயசு. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், நாலைந்து விநாடியில் அடங்கிவிடும். மறுபடி அழுத்தினால் சில சமயம் அதுவும் இல்லை.

கேபினெட்டைத் திறந்தால் விரல் கனத்துக்குப் புழுதி. ரேமைக் கழற்றி, தங்க நிறப் பட்டையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். பாதி மெஷின்கள் இதற்கே எழுந்துவிடும். இது எழவில்லை. மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கனெக்டரைப் பிடுங்கி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஜெம் கிளிப்பால் இணைத்தேன். அதன் ஃபேன் நிற்காமல் சுற்றியது. சரி, பவர் இருக்கிறது. அப்புறம் என்ன, "மதர்போர்டு போச்சுக்கா" என்று சொல்லிவிட்டேன்.

அக்காவின் முகம் சுண்டிப்போனது. பின்னால் மனுவோடு ஒரு பெரியவர் மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

"போர்டா? ரெண்டு நாளா அந்தப் பட்டன்தான் உள்ள போனா வெளிய வர்ல தம்பி. நகத்தால நோண்டி விடுவேன்."

வந்ததும் இதைக் கேட்டிருக்க வேண்டும். பவர் பட்டனை நாலு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் மெஷின் தானே அணையும். உள்ளே இருக்கும் ஸ்விட்ச் சிக்கிக்கொண்டு, அழுத்திய கையை எடுக்காதவன் மாதிரி அதைத்தான் செய்துகொண்டிருந்தது. போர்டிலிருந்து ஸ்விட்ச் ஒயரை உருவிவிட்டு, அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு தொடு தொட்டேன். மெஷின் எழுந்தது, நின்றது.

கையில் புது ஸ்விட்ச் இல்லை. ரீசெட் பட்டனின் ஒயரை எடுத்து அந்தப் பின்னில் செருகிக் கொடுத்தேன். போர்டு பேச்சை நான் எடுக்கவில்லை, அக்காவும் எடுக்கவில்லை. நூறு ரூபாய் கொடுத்தார்.

அடுத்த முறை டோனர் கொடுக்கப் போனபோது பார்த்தேன். ரீசெட் பட்டனுக்கு மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் 'இங்க அழுத்து' என்று எழுதியிருந்தது.