முதலில் அம்மா, அப்புறம்தான் மகள்: என் புராஜெக்ட் வைவா

என் புராஜெக்ட் ஒரு புனைமொழி, அதாவது நானே படைத்த மொழி. ரிசல்ட் நேற்று வந்தது. 200க்கு 148. முதல் ரிவ்யூவில் "இது மொழி இல்லை தம்பி, சொற்பட்டியல்" என்று கைடு ஃபைலை மூடி வைத்தவர். அதை நினைத்தால் எனக்கு இதுவே தங்க மெடல்.

புனைமொழி எடுத்தவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அம்மாவான மூலமொழியை முதலில் எழுதுங்கள், மகள் மொழி அதிலிருந்து பிறக்கட்டும். நான் தலைகீழாகப் போனேன். முதலில் 400 சொல்லோடு ஒரு மொழி, அப்புறம் அதற்கு ஒரு மூதாதை. ஒவ்வொரு சொல்லிலும் இரண்டு எழுத்தை மாற்றி, முன்னால் நட்சத்திரக் குறி போட்டேன். 400 சொல்லுக்குக் கிட்டத்தட்ட 400 ஒலி மாற்ற விதி! 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன், தான் படைத்த குவென்யா, சிந்தாரின் என்ற எல்ஃப் மொழிகள் இரண்டையும் ஒரே மூலத்திலிருந்து இறக்கிய கதையைப் படித்துவிட்டுத்தான் இந்த லட்சணம்.

இரண்டாம் முறை, செல்லூர் ரூம் சுவரில் ஒரு சார்ட் ஒட்டினேன். மூன்றே விதி.

1. இ, எ-க்கு முன் வரும் க், ச் ஆகும்.
2. அடுத்த அசையில் இ இருந்தால், அதற்கு முந்தைய அ, எ ஆகும்.
3. சொல்லின் கடைசி உயிர் விழும்.

மூலமொழியில் மீனுக்கு 'கம', பன்மை 'கமி'. விதிகளை வரிசையாக ஓட்டினால் மகள் மொழியில் கம், கெம். பன்மை விகுதி போயே போச்சு, ஆனால் உள்ளே தடம் இருக்கிறது. இதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வைவாவில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அங்கேதான் விரலை வைத்தார். "எ-க்கு முன்னால் க், ச் ஆகும் என்கிறீர்கள். கெம் ஏன் செம் ஆகவில்லை?"

"அந்த எ பிறப்பதற்குள் முதல் விதி ஓய்ந்துவிட்டது, ஐயா."

கூடவே தமிழிலும் இதே மாற்றம், க் ச் ஆனது, நடந்ததைக் காட்டினேன். கன்னடத்தில் கிவி, நமக்குச் செவி. பழங்கன்னடத்தில் கெய், நமக்குச் செய். (கிளி, கிழங்கு தப்பித்தது பின்னால் நிற்கும் ள, ழ-வால். இதையும் கேட்பார்கள்.) அந்த மாற்றம் என்றோ முடிந்துவிட்டது, அதனால்தான் பேக்கரியில் யாரும் 'சேக்' கேட்பதில்லை என்றேன். சிரித்துவிட்டார்.

மற்றவை:

- 120 சொல் போதும். யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.
- எக்செல்லில் விதிக்கு ஒரு கட்டம். வரிசையை மாற்றினால் என்ன ஆகிறது என்று அதிலேயே தெரியும்.
- விதிக்கு அடங்காத சொல் வேண்டுமா, கடன் வாங்குங்கள். எந்த விதிக்குப் பிறகு வந்தது என்று குறியுங்கள். நண்பன் வீட்டில் பேசும் சௌராஷ்டிரம் எனக்கு மாதிரி: குடும்பம் இந்தோ-ஆரியம், உள்ளே தமிழும் தெலுங்கும் நிறைய.
- குரூப் ஸ்டடி வேண்டாம். சரி, எனக்கு ஒத்துவராது.

கடைசிக் கேள்வியில் கோட்டை விட்டேன். "சான்று கிடைக்காமல் மீட்டுருவாக்கிய வடிவத்துக்குத்தான் நட்சத்திரக் குறி. நீங்களே படைத்த சொல்லுக்கு எதற்கு?" வாயடைத்து நின்றேன். கதைப்படி அந்த ஜனங்கள் எதையும் எழுதி வைக்கவில்லை, அதனால்தான் ஐயா, என்ற பதில் பருத்திப்பால் கடையில் டம்ளரைக் கையில் வாங்கிய பிறகுதான் வந்தது.