எழுதாத தேர்வும் எரேமியாவின் கடிதமும்

2021-ல் பிளஸ் டூ முடித்தவர்களில் நானும் ஒருத்தி. மே மாதம் நடக்க வேண்டிய பொதுத்தேர்வு கொரோனாவால் முதலில் தள்ளிப்போனது, ஜூன் 5 அன்று ரத்தே ஆகிவிட்டது. ஜூலை 19 அன்று வந்த மதிப்பெண்ணில் பாதி பத்தாம் வகுப்பிலிருந்து எடுத்தது. 20 சதவீதம் பிளஸ் ஒன், மீதி 30 பிளஸ் டூ செய்முறையும் அக மதிப்பீடும். பத்தாம் வகுப்பில் சுமாராக வாங்கியதைப் பிளஸ் டூவில் சரிக்கட்டிவிடலாம் என்று உழைத்தவர்களை அந்தக் கணக்கு எப்படி அடித்திருக்கும்! நான் அப்படி உழைத்தவள். "எல்லாரும் பாஸ்தானே, அப்புறம் என்ன கவலை?" என்று கேட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

தேர்வு மட்டும் போகவில்லை. எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் ஹால் டிக்கெட்டும் பேனாவுமாக ஆல்டர் முன் முழங்கால்படியிடுவார்கள். குருவானவர் ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து ஜெபிப்பார். நம் முறை எப்போது வரும் என்று சின்ன வயதிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தோம். அது எங்களுக்கு வரவேயில்லை. ஃபேர்வெலும் கிடையாது. வாலிப வயதில் விசுவாசத்தை நாமே அறிக்கையிட்டு உறுதிசெய்கிற திடப்படுத்தல் ஆராதனையும் தள்ளிப்போனது.

இப்போது வாலிபர் கூடுகையில் உதவுகிறேன். ரிசல்ட் சமயத்தில் யாராவது உடைந்துபோய் வருவார்கள். ஒருவருக்கு நீட் மதிப்பெண் குறைந்திருக்கும், ஒருவர் கணக்கில் ஃபெயில், இன்னொருவர் காய்ச்சலில் தேர்வே எழுதியிருக்க மாட்டார். "சகலமும் நன்மைக்கே" என்று அவர்களிடம் நான் உடனே சொல்வதில்லை. அந்த பைபிள் வசனம் உண்மை, மனதார நம்புகிறேன். ஆனால் அழுகிற பிள்ளையின் வாயை அடைக்க அதைப் பயன்படுத்தக் கூடாது.

அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் ஆண்டவரிடம் முறையிடுங்கள். பைபிளில் ஜெபப் பாடல்களின் தொகுப்பான சங்கீதப் புத்தகத்தில் 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள், ஆறே வசனம்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்கி, "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறார் தாவீது. கிருபையின்மேல் நம்பிக்கை வைத்திருப்பதாக அவர் சொல்வது ஐந்தாம் வசனத்தில்தான். கேட்டு முடிக்கிறவரை ஆண்டவர் அவரைத் தடுக்கவில்லை. நான் அந்தச் சங்கீதத்தை நோட்டில் எழுதி, என் வார்த்தைகளையும் கீழே சேர்த்து எழுதினேன். மரியாதையான ஜெபமாக அது இல்லை, ஆனால் அந்த வருடத்தில் நான் உண்மையாகச் செய்த ஜெபம் அதுதான்.

அடுத்தது எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 29:11. தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு வாக்குத்தத்த அட்டையில் கிடைக்கிற வசனம், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதை மட்டும் படிக்காமல் 28-ஆம் அதிகாரத்திலிருந்து படியுங்கள். பாபிலோன் ராஜா எருசலேமிலிருந்து கொண்டுபோன பொருட்களும் மக்களும் இரண்டு வருடத்தில் திரும்பி வருவதாக அனனியா என்கிறவன் தீர்க்கதரிசனம் சொல்கிறான். எல்லாருக்கும் பிடித்த வார்த்தை, ஆனால் பொய். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் எழுபது வருடம் என்று இருக்கிறது. அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்றும் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் நமக்குப் பிடித்த அந்த வசனம் வருகிறது.

அதனால், "அடுத்த வருடம் உனக்கு மெடிக்கல் சீட் நிச்சயம்" என்று யாராவது கர்த்தர் பெயரில் சொன்னால் கவனமாக இருங்கள். கிறிஸ்தவ நம்பிக்கை அந்த சீட்டுக்கு உத்தரவாதம் கிடையாது. நான் ஆசைப்பட்ட இன்ஜினியரிங் கல்லூரி எனக்குக் கிடைக்கவில்லை, ஃபேர்வெலும் திரும்ப வரவில்லை. பி.எஸ்சி. கணிதத்தில் சேர்ந்து, முதல் பாடங்களைப் போனில்தான் கேட்டேன். உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளிலும் காயம் இருந்தது, அவருடைய சீஷன் தோமா அதைப் பார்த்தான். இழந்தது இழந்ததுதான் என்று ஒத்துக்கொண்டும் ஆண்டவரைப் பிடித்துக்கொள்ள முடியும் என்பதை அங்கேதான் கற்றேன்.

சரி, எரேமியா சொன்னபடி வீடு கட்டுவது என்றால் ஒரு மாணவருக்கு என்ன? ஃபெயில் என்றால் துணைத் தேர்வுக்கு உடனே விண்ணப்பியுங்கள். அதே வருடம் எழுதிவிட்டுக் கல்லூரியில் சேர வழி இருக்கிறது. மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் முதலில் விடைத்தாள் நகலை வாங்குங்கள். அதை ஆசிரியரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்யுங்கள். கடைசித் தேதி சீக்கிரம் வந்துவிடும். அழுதபடியே ஃபார்ம் நிரப்பினாலும் பரவாயில்லை. ரிசல்ட் வாரத்தில் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ் பக்கம் போகாதீர்கள். சாப்பாட்டை விடாதீர்கள். செத்துவிடலாம் என்று தோன்றினால் தனியாக இருக்காதீர்கள், பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் அந்த நிமிடமே சொல்லுங்கள். அரசின் உதவி எண்களான 104-க்கோ 14417-க்கோ போன் செய்தாலும் பேச ஆள் உண்டு. உதவி கேட்பது விசுவாசக் குறைவு அல்ல.

சபைப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரிசல்ட்டுக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை அதிக மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளை முன்னால் அழைத்துப் பரிசு கொடுக்கிறோம், நல்லது. அதே வாரத்தில், ஆராதனைக்கு வராமல் வீட்டில் இருந்துவிட்ட பிள்ளைகள் யார் என்று பார்த்து, அவர்கள் வீட்டுக்கும் போய்வாருங்கள். மதிப்பெண் எவ்வளவு என்று மட்டும் கேட்க வேண்டாம்.