சென் ஷின் எழுதி வைத்த தைச்சி

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் காலையில் தைச்சி என்னும் சீனத் தற்காப்புக் கலையைப் பழகும் எங்களில் பலர் கையசைவை மட்டுமே கவனிக்கிறோம். அந்த அசைவு எங்கிருந்து பிறக்கிறது என்பதை எழுத்தில் விளக்கிய சென் ஷின் (1849–1929) என்னும் ஆசானை இங்குள்ளோர் அவசியம் அறிய வேண்டும். சீனாவின் ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவந்த கலையை அவர் 1908 முதல் 1919 வரை படங்களுடன் எழுதினார். நூல் அச்சேறியது 1933இல், அவர் மறைந்த பிறகுதான்.

பட்டுநூலை இழுப்பதுபோல அறுபடாமல் சுழலும் விசையே தைச்சியின் உயிர் என்றார் அவர். பாதத்தில் ஊன்றிய பலம் இடுப்பில் திரும்பி, தோள், முழங்கை வழியே முறுகி விரல்நுனியை எட்டுவதை, உள்ளங்கையை மெல்லத் திருப்பும்போதே உணரலாம். எதிரெதிர் ஆற்றல்களின் சமநிலையைப் பேசும் யின்-யாங் தத்துவத்தையும் சீன மருத்துவத்தையும் அவர் இதனோடு இணைத்திருந்தாலும், மாணவர்கள் முதலில் கற்க வேண்டியது இந்தச் சுழற்சியைத்தான் என்பது என் உறுதியான கருத்து.