இரண்டு பலகைகளோடு ஷென்ஜெனுக்கு

2024 நவம்பரில் ஹாங்காங் வழியாக லோ வூ எல்லைக்குச் சென்று, சீனாவின் ஷென்ஜென் நகருக்குள் போக, ஷென்ஜென் ஆற்றின் மேலுள்ள மூடிய பாலத்தை நடந்தே கடந்தபோது, என் கைப்பையில் இரண்டு சர்க்கியூட் பலகைகள் இருந்தன. ஒன்று, ஓராண்டுக்கு முன் நான் ஒப்புதல் கொடுத்த மாதிரி. மற்றொன்று, அதைப் பார்த்துச் செய்து அனுப்பப்பட்ட சரக்கிலிருந்து பழுதாகித் திரும்பிவந்தது. கோயம்புத்தூரில் நாங்கள் செய்வது, விவசாயிகள் கைபேசியிலிருந்தே கிணற்று மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உதவும் சிறு கருவி. நிறுத்தச் சொல்லிக் கட்டளை அனுப்பிய பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அடுத்தடுத்துப் புகார்கள் வந்தன. கிணறு வற்றிய பிறகும் ஓடும் மோட்டாருக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லையிலிருந்து மெட்ரோவின் முதலாம் தடத்தில் ஐந்து நிலையங்கள் தாண்டினால் ஹுவாச்சியாங் சாலை. மேலே ஏறியதும் சேக் பிளாசா கண்ணில் படும். 2021 மே மாதம் காரணம் புரியாமல் ஆடி, உள்ளிருந்தவர்களையெல்லாம் தெருவுக்கு ஓடவைத்த கோபுரம் அதுதான். பின்னர் உச்சியிலிருந்த கம்பங்களை அகற்றிவிட்டுத் திறந்தார்கள். அதன் கீழ்த் தளங்களிலும் சுற்றியுள்ள கட்டடங்களிலும் இருப்பதுதான் ஹுவாச்சியாங்பே மின்னணுச் சந்தை. கடை என்று சொன்னாலும், பல இடங்களில் ஒரு கண்ணாடி மேசையும் ஒரு முக்காலியும்தான். ஒருவர் மின்தேக்கி மட்டும் விற்கிறார், அடுத்தவர் இணைப்பான் மட்டும். நாள் முழுவதும் காதில் விழுவது பேரம் பேசும் குரல் அன்று. அட்டைப்பெட்டிகளில் ஒட்டுநாடாவை இழுத்துச் சுற்றும் சர்ரென்ற ஓசை.

எனக்கு மொழிபெயர்ப்பாளராக வந்த பெண் ஹூனான் மாநிலத்தவர். ஷென்ஜெனில் யாரைக் கேட்டாலும் வேறு ஊர்தான் சொல்கிறார்கள். 1980-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக அறிவிக்கப்பட்ட பிறகு வந்து குடியேறியவர்களால் ஆன நகரம் இது. கான்டனீஸ் பேசும் மாநிலத்தில் இருந்தும், இங்கே மாண்டரின்தான் பொதுமொழி. எல்லாரும் எல்லாரையும் ‘லாவோபான்’, அதாவது முதலாளி, என்று அழைக்கிறார்கள். நம்மூர்க் கடைத்தெருவில் வாங்க வருபவரையும் விற்பவரையும் ‘ஓனர்’ என்று கூப்பிடுவதைப் போலத்தான் இதுவும் என்பதால், எனக்கு அது உடனே பிடித்துப்போயிற்று.

கட்டளை வந்ததும் மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் விடும் சிறு மின்சுவிட்ச்தான் ரிலே. அதை விற்கும் ஒரு மேசையில் இரு பலகைகளையும் வைத்தேன். அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் ஒரு மெல்லிய கத்தியை எடுத்து, இரண்டின் நீல உறைகளையும் கீறித் திறந்தார். மாதிரியில் இருந்த ரிலேயின் தொடுமுனை கடுகளவு தடிப்பாக, மங்கிய வெள்ளி நிறத்தில் இருந்தது. சரக்கிலிருந்ததோ மெல்லிய தகடு. ஓரம் கருகி, எதிர்முனையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டிக்கொண்டால் பிரியாது, மோட்டாரும் நிற்காது. உறைகளின் மேல் அச்சிட்டிருந்த 12 வோல்ட், 10 ஆம்பியர் என்ற எழுத்துகளில் மட்டும் எந்த வேறுபாடும் இல்லை.

அவரிடம்தான் மூன்று சொற்களைக் கற்றுக்கொண்டேன். ‘யுவான்ஜுவாங்’ என்றால் உற்பத்தியாளரின் முத்திரை பிரியாத அசல். ‘சான்சின்’ என்றால் புதியது என்ற பெயரில் உதிரியாக விற்கப்படுவது. எங்கிருந்து வந்தது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ‘சாய்ஜி’ என்றால் பழைய கருவிகளிலிருந்து கழற்றி எடுத்தது. ஒரே சிப்புக்கு மூன்று விலை. எது என்று கேட்டால் மறைக்காமல் சொல்லும் கடைக்காரர்கள் பலர். கேட்காமல் வெறும் விலையை மட்டும் விசாரிப்பவருக்கு எந்த விலை வரும் என்பது என் பையிலிருந்த பலகைக்குத் தெரியும்.

மறுநாள், பதினோராம் தடத்தில் பாவோஆன் மாவட்டத்தின் ஷாஜிங் பகுதிக்குச் சென்றோம். ஒரு காலத்தில் சிப்பிக்குப் பெயர்போன ஊர். இன்று சந்துக்குச் சந்து சர்க்கியூட் பலகைத் தொழில். எங்களுக்குச் செய்துகொடுத்த பட்டறையின் உரிமையாளர் முதலில் தேநீர் மேசையில் உட்காரவைத்தார். சிறு கோப்பையில் ஊற்றும்போதெல்லாம் இரண்டு விரல்களால் மேசையைத் தட்டி நன்றி சொல்வது தென்சீன வழக்கம், நானும் தட்டினேன். மூன்றாம் சுற்றுக்குப் பிறகுதான் பலகைகளை வெளியே எடுத்தேன்.

அவர் கோபப்படவில்லை. நான் அனுப்பிய உதிரிப்பாகப் பட்டியலைக் கணினியில் திறந்து, ரிலே இருந்த வரியைக் காட்டினார். ‘12 வோல்ட், 10 ஆம்பியர்’ என்று இருந்தது. நிறுவனத்தின் பெயரோ பாக எண்ணோ இல்லை. நீங்கள் எழுதியதைத்தானே பொருத்தினோம் என்றார். மாதிரியில் பயன்படுத்திய ரிலே கையிருப்பில் தீர்ந்துபோனதால் வேறொன்றை வாங்கினார்களாம். எனக்குத் தெரிவித்திருக்க வேண்டாமா என்ற கேள்விக்கு, ‘ச்சா பு துவோ’ என்று பதில் வந்தது. ஏறக்குறைய ஒன்றுதான் என்று பொருள். அந்தச் சொல் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. ஆனால் அந்த வரியைக் காலியாக விட்டவன் நான் என்பதையும் மறுக்க முடியவில்லை.

மாலைவரை பேசி, பழுதானவற்றுக்கு மாற்று ரிலேக்களை அவர் தருவதென்றும், பிரித்துப் பொருத்தும் கூலி என்னுடையதென்றும் முடிவாயிற்று. அடுத்த ஆர்டருக்கு 30 விழுக்காடு முன்பணம். மீதி 70 விழுக்காட்டை, என் ஆள் பட்டறையிலேயே சரக்கைப் பரிசோதித்த பிறகுதான் அனுப்புவேன். ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டதும், என் மொழிபெயர்ப்பாளர் அதை வாங்கிக்கொள்ளாமல் வட்டமான சிவப்பு முத்திரையைக் கேட்டார். சீனாவில் ஒப்பந்தத்துக்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்குவதில் அந்த முத்திரைக்கு இருக்கும் எடை, கையெழுத்துக்கு இல்லை. முத்திரையிலுள்ள பெயரும், நிறுவனத்தின் தொழில் உரிமத்திலுள்ள 18 இலக்க அடையாள எண்ணுக்குரிய பெயரும், பணம் பெறும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றுதானா என்று அவர் விரல்வைத்துப் பார்த்ததை, முதல் ஆர்டரின்போது நான் செய்யவே இல்லை.

இதையெல்லாம் அங்குள்ளவர்கள் வீசாட் என்ற சீனச் செய்திச் செயலியிலேயே பேசி, படமெடுத்து, பதிவுசெய்கிறார்கள். இந்தியாவில் 2020 ஜூனில் அந்தச் செயலி தடைசெய்யப்பட்டதால், ஊர் திரும்பிய பிறகு எனக்கு மின்னஞ்சல்தான் கதி. ஒருநாளில் வரவேண்டிய பதிலுக்கு மூன்று நாள் காத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 2025 ஜனவரி 29 அன்று சீனப் புத்தாண்டு. அதற்கு முன்பே தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், திரும்பிவருபவர்கள் எத்தனை பேர் என்பது முதலாளிக்கே தெரியாது என்பதால், டிசம்பர் முதல் வாரத்துக்குள் உதிரிப்பாகப் பட்டியலை முடித்து அனுப்பச் சொன்னார் பட்டறை உரிமையாளர்.

கடைசி இரவு விடுதி அறையில் அந்தப் பட்டியலைத் திறந்து உட்கார்ந்தேன். நாற்பத்து மூன்று வரிகள். ஒவ்வொன்றிலும் நிறுவனப் பெயர், பாக எண், மாற்று ஏற்கப்படுமா இல்லையா என்று நிரப்பிக்கொண்டு போனேன். இருபதாவது வரியில் இருந்த ஒரு சாதாரண மின்தேக்கிக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், காலையில் மறுபடி சந்தைக்குப் போய்விட்டு எல்லைக்குக் கிளம்பலாம் என்று கணினியை மூடினேன்.