பாட்டி வந்த பிறகுதான் பேச்சு நகர்ந்தது

அமெரிக்காவில் உணவியல் நிபுணராகப் பதிவு பெற, குறைந்தது 1,000 மணி நேரம் ஒருவர் மேற்பார்வையில் வேலை செய்தாக வேண்டும். எனக்கு அதில் ஒரு பகுதி டெக்சஸின் சான் அன்டோனியோவில், ஒரு 'விக்' மையத்தில் அமைந்தது. வருமானம் குறைந்த கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் உணவும் ஆலோசனையும் தரும் அரசுத் திட்டம் அது. வந்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வழிக் குடும்பங்கள்.

உயரம், எடை, ரத்தசோகை பார்க்க விரலில் ஒரு குத்து. அப்புறம் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் அளவின் வரைபடம். 85ஆவது பெர்சன்டைலை, அதாவது அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் 85 பேரைத் தாண்டிய இடத்தைத் தொட்டால் எடை அதிகம், 95 என்றால் உடல் பருமன். இதைக் காட்டியதுமே பல அம்மாக்கள் வாயை மூடிக்கொள்வார்கள். மூன்று வயதுப் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் நன்றாக வளர்க்கிறோம் என்றுதானே நினைப்பார்கள்? நம் வீடுகளிலும் அதே கதைதான்.

என் மேற்பார்வையாளர் வரைபடத்தை ஓரமாக வைக்கச் சொன்னார். "காலையிலிருந்து என்ன குடிக்கிறான்னு மட்டும் கேளு." கேட்டால் பாட்டிலில் பால், ஆப்பிள் ஜூஸ், சோடா, பாட்டி வீட்டில் சர்க்கரை போட்ட ஓர்சாட்டா (அரிசியில் செய்யும் மெக்சிகோ பானம்) என்று வரிசையாக வரும்.

ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஜூஸ் நாளுக்கு 4 அவுன்ஸ் (சுமார் 120 மில்லி) தாண்டக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. அப்போது கடையில் உணவு வாங்கத் தரும் விக் அட்டையிலேயே பிள்ளைக்கு மாதம் 128 அவுன்ஸ் ஜூஸ் இருந்தது. வகுத்துப் பாருங்கள், அதிலேயே அளவு முடிந்துவிடும். "நீங்கதானே குடுக்கறீங்க?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. 2024இல் வந்த விதி அதைப் பாதியாக்கியது.

ஒரு பையன் வீட்டில் அம்மா வேலைக்குப் போக, நாள் முழுக்க ஊற்றிக் கொடுப்பது பாட்டி என்பது மெல்லத்தான் தெரிந்தது. அவரையும் அழைத்து வரச் சொன்னோம். மக்காச்சோள மாவு ரொட்டியான டோர்ட்டியாவிலும் பீன்ஸிலும் கை வைக்கவில்லை. அவை நல்ல சாப்பாடு, விக் பட்டியலிலும் உண்டு. பாட்டிலை நிறுத்துவது, இரண்டு வயதுக்கு மேல் கொழுப்பு குறைந்த பால், வெள்ளரி எலுமிச்சை போட்ட தண்ணீர், இவ்வளவுதான் கேட்டோம். எடையைக் குறைக்க வேண்டாம், உயரம் ஏறும்வரை எடை வேகமாக ஏறாமல் இருந்தால் போதும் என்றதும் பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த முறை பெர்சன்டைல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. நல்ல செய்தி என்றே கோப்பில் எழுதச் சொன்னார் மேற்பார்வையாளர். சரி, அடுத்து பையன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று கேட்க ஆரம்பித்தோம்.