கேம் நடுவில் கம்ப்யூட்டர் உறைந்தால் எங்கே கை வைப்பது

"ஹேங் ஆகுது" என்று சொல்வது, டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்வது மாதிரி. அதை மட்டும் வைத்து மருந்து எழுத முடியாது. சொந்தமாக அசெம்பிள் செய்த கேமிங் கம்ப்யூட்டர் உறைய ஆரம்பித்ததும் பலர் நேராகப் புது கிராஃபிக்ஸ் கார்டு விலை பார்க்கப் போய்விடுகிறார்கள். உறைந்த அந்த நொடியில் உள்ளே எது செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்த முறை திரை நின்றதும் ரீசெட் பட்டனுக்குக் கை போக வேண்டாம். கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். கீபோர்டில் விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸ் இன்னும் ஓடுகிறது. நின்றது கேமோ டிஸ்ப்ளே டிரைவரோதான். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்தபடி பி அழுத்தினால் டிஸ்ப்ளே டிரைவர் மறுபடி தொடங்கும். அதில் திரை திரும்பி வந்தால் சந்தேகம் கிராஃபிக்ஸ் பக்கம் போகிறது. விளக்கு மாறவே இல்லை, ஹெட்போனில் கடைசிச் சத்தம் 'ட்ர்ர்ர்' என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் மொத்தமும் நின்றுவிட்டது: ராம், ப்ராசஸர், மதர்போர்டு, அல்லது கார்டுக்கும் போர்டுக்கும் நடுவிலான இணைப்பு. திரை கறுத்து, கார்டின் ஃபேன் மட்டும் முழு வேகத்தில் கத்தினால் கார்டு கட்டுப்பாட்டை விட்டுப் போய்விட்டது. கார்டையும் அதற்குப் போகும் கரண்ட்டையும் பாருங்கள். டக்கென்று அணைந்து தானே ஆன் ஆனால் அதை உறைதல் கணக்கில் சேர்க்காதீர்கள், அங்கே முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லா பாகத்துக்கும் கரண்ட் தரும் பவர் சப்ளை பெட்டி. பத்து, இருபது நொடி நின்று தானாகவே மீண்டால் அநேகமாக எஸ்எஸ்டி அல்லது ஹார்ட் டிஸ்க்.

பிறகு ஈவென்ட் வியூவர், அதாவது விண்டோஸ் தனக்கு நடந்ததை எழுதி வைக்கும் பதிவேடு. அதில் கெர்னல்-பவர் 41 என்ற சிவப்பு வரியைப் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ் மாற்றியவர்கள் ஏராளம். பெயரில் பவர் இருப்பதால் வரும் வினை. போன தடவை கம்ப்யூட்டர் முறைப்படி ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அந்த வரி எதுவும் சொல்வதில்லை. நீங்கள் ரீசெட் அழுத்தினாலும் அதே வரிதான் பதிவாகும். அதற்கு முந்தைய சில நிமிடங்களில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். டபிள்யூஹெச்இஏ-லாகர் (ஹார்டுவேர் பிழைகளைப் பதியும் விண்டோஸ் பகுதி) 18 அல்லது 19 இருந்தால் ப்ராசஸரோ அதன் மெமரி பக்கமோ தடுமாறுகிறது. அதே லாகரின் 17 பெரும்பாலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பிழை, அதாவது கார்டு, எஸ்எஸ்டி போன்றவை போர்டோடு பேசும் பாதையில் வரும் பிழை. டிஸ்ப்ளே 4101 என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் போய் மீண்டிருக்கிறது. 129 என்ற எண்ணோடு ஸ்டோரேஜ் டிரைவர் எச்சரிக்கை வந்தால் டிஸ்க் பதில் சொல்லாததால் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பியிருக்கிறது. ஒரு வரிகூட இல்லை என்றால், எழுதுவதற்குக்கூட நேரம் கிடைக்காமல் நின்றிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கூடவே ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் லாகிங்கை ஆன் செய்து, ஒரு நொடிக்கு ஒருமுறை பதியும்படி வைத்துவிட்டு விளையாடுங்கள். உறைந்த பிறகு அந்தக் கோப்பின் கடைசி வரிகளில் வெப்பம், கிளாக் (சில்லு ஓடும் வேகம்), வாட் எல்லாம் அப்படியே இருக்கும்.

இன்னொரு விஷயத்தையும் குறித்து வையுங்கள்: எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை உறைகிறது? இது தெரியாமல் எந்தச் சோதனையும் செல்லாது. சராசரியாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, முன்னறிவிப்பில்லாமல் உறையும் கம்ப்யூட்டர், எதையுமே மாற்றாவிட்டாலும் 2 மணி நேரம் நன்றாக ஓடிவிட 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. "டிரைவர் மாத்தினேன், சரியாயிடுச்சு" என்று சொல்லி மறுநாளே புலம்புவது இதனால்தான். சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்கு நேரம், அதாவது 6 மணி நேரம் ஓடிவிட்டால் அது தற்செயலாக இருக்கும் வாய்ப்பு 5 சதவீதமாகச் சுருங்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மும்மடங்கு ஓடவிடுங்கள். அலுப்பான வேலைதான்; வேறு குறுக்கு வழி கிடையாது.

முதல் மாற்றம் காசு செலவில்லாதது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் மதர்போர்டின் செட்டிங் திரை) நுழைந்து டீஃபால்ட் செட்டிங்கை ஏற்றுங்கள். எக்ஸ்எம்பி, எக்ஸ்போ (ராமை டீஃபால்ட்டைவிட வேகமாக ஓட்டும் ரெடிமேட் புரொஃபைல்கள்), அண்டர்வோல்ட் (வோல்டேஜைக் குறைப்பது), ஓவர்கிளாக் (வேகத்தைக் கூட்டுவது) எல்லாம் ஒரே அடியில் போய்விடும். ஒரே நேரத்தில் நாலைந்தை மாற்றும் வேலைதான் இது. ஆனால் கேள்வி 'செட்டிங்கா, பாகமா' என்பது என்பதால் இங்கே விதிவிலக்கு. அதற்கு முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரெகவரி கீயை வேறு எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் அப்டேட்டோ ரீசெட்டோ அந்தப் பூட்டின் சாவியை வைத்திருக்கும் டிபிஎம் சில்லைத் தொட்டுவிட்டால் விண்டோஸ் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்டு உட்கார்ந்துவிடும்.

டீஃபால்ட்டில் உறைவது நின்றுவிட்டால் முதல் குற்றவாளி எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ. ராம் பெட்டியில் வேகம் 6000 என்று அச்சடித்திருப்பது ராம் கம்பெனி தரும் வாக்கு. உங்கள் ப்ராசஸருக்குள் இருக்கும் மெமரி கண்ட்ரோலர் அந்த வாக்கில் கையெழுத்துப் போடவில்லை. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்வது இரண்டு டிடிஆர்5 ஸ்டிக் போட்டால் 5200, நான்கு போட்டால் 3600. அதற்கு மேலே ஓடினால் அதிர்ஷ்டம், ஓடாவிட்டால் யாரையும் குறை சொல்ல முடியாது. பலருக்கு 6000 பிரச்சினையில்லாமல் ஓடுவதும் உண்மை. உங்களுக்கு ஓடவில்லை என்றால் முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள், பிறகு அதே புரொஃபைலில் வேகத்தை மட்டும் 5600க்கு இறக்கிப் பாருங்கள். வோல்டேஜைத் தொடுவது அதற்கப்புறம்.

இரண்டு ஸ்டிக்குகள் என்றால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்; அநேகமாக எல்லா நான்கு ஸ்லாட் போர்டுகளிலும் இதுதான், மேனுவலில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். தனித்தனியாக வாங்கிய இரண்டு கிட்டைச் சேர்த்துப் போடுவது, மாடல் எண் ஒன்றாகவே இருந்தாலும், வம்பை விலைக்கு வாங்குவது. ஒரு பெட்டியில் வந்தவைதான் சேர்ந்து ஓடும் என்று சோதிக்கப்பட்டவை. ராமைத் தொட்ட பிறகு ஏஎம்5 (ரைசன் 7000 உட்காரும் சாக்கெட்) போர்டு முதல் தடவை ஆன் ஆகும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். மெமரி டிரெய்னிங் நடக்கிறது, அதாவது போர்டு ராமுக்கு ஏற்ற செட்டிங்கைத் தேடுகிறது. பயந்து பவரைப் பிடுங்காதீர்கள்.

ராமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86-ஐ யுஎஸ்பியில் ஏற்றி பூட் செய்து, நான்கு சுற்று முழுதாக ஓடவிடுங்கள். 32 ஜிபிக்குப் பல மணி நேரம் ஆகும், இரவில் வைத்துவிட்டுத் தூங்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். "ஒண்ணுதானே" என்று விடக்கூடாது. பிழை வந்தால் எக்ஸ்எம்பி இல்லாமல் மறுபடி. அப்போதும் வந்தால் ஒரு ஸ்டிக்கை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் வைத்து ஓட்டுங்கள், பிறகு மற்றதை. ஒரு ஸ்டிக் மட்டும் பிழை காட்டினால் அதன் கதை முடிந்தது, கிட்டை முழுதாக மாற்றிக் கேளுங்கள். இரண்டுமே ஒரு ஸ்லாட்டில் பிழை காட்டி இன்னொன்றில் ஒழுங்காக ஓடினால் ராம் நிரபராதி. ஸ்லாட்டில் தூசி இருக்கலாம், ப்ராசஸர் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருக்கலாம், அல்லது பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று: கூலரை ஒரு பக்கம் அதிகமாக இறுக்கியிருக்கலாம். ப்ராசஸர் சாக்கெட்டில் சமமாக அழுந்தாவிட்டால் ஒரு மெமரி சேனலே தொடர்பை இழக்கும். கூலரின் நாலு ஸ்க்ரூவையும் தளர்த்தி, மூலைக்கு மூலை மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பாருங்கள்.

இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் நிற்க வேண்டும். அதிக வோல்டேஜால் சில்லு மெல்ல மெல்லத் தேய்ந்து நிலைதடுமாறும் கோளாறை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டது. 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள மாடல்கள் இதில் அடக்கம். கேமில் ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தயாராகும் கட்டத்தில் விழுவது, கார்டில் நிறைய மெமரி இருந்தும் "வீடியோ மெமரி போதவில்லை" என்று செய்தி வருவது, இவை இதன் அடையாளங்கள். 2024 ஆகஸ்டில் 0x129, செப்டம்பரில் 0x12பி என்ற மைக்ரோகோடுகள் (ப்ராசஸருக்கான திருத்தங்கள்) பயாஸ் அப்டேட் வழியாக வந்தன. அவை இனி வரும் தேய்மானத்தைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்த சில்லைக் குணப்படுத்தாது. வாரன்டியை இரண்டு வருடம் நீட்டியிருக்கிறார்கள், அதைப் பயன்படுத்துங்கள்.

ரைசனில் வேறு விதமான தொல்லை. ப்ராசஸரின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 30 போட்டுவிட்டு, முழு லோடில் ஒரு மணி நேரம் ஓட்டி "ஸ்டேபிள்" என்று முடிவு கட்டுவார்கள். முழு லோடில் கிளாக் இறங்கிவிடும், அங்கே விழாது. ஒரே கோர் உச்ச கிளாக்குக்கு ஏறும் லேசான வேலையில்தான் விழும்: பிரவுசர் திறக்கும்போது, கேம் மெனுவில், சும்மா இருக்கும்போது. ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் கோர்சைக்ளர் இதற்கென்றே இருக்கிறது. செட்டிங் எதுவும் போடாமலே சும்மா இருக்கும்போது மட்டும் உறைகிறது என்றால் பயாஸில் பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோலை 'டிப்பிகல் கரண்ட் ஐடில்' என்று மாற்றிப் பாருங்கள்.

இனி கிராஃபிக்ஸ் கார்டு. கார்டுக்கு முழு லோடு கொடுக்கும் ஃபர்மார்க் சோதனை ஒரு மணி நேரம் ஓடியது, ஆகவே கார்டு நல்லது என்ற வாதமும் இதே ஓட்டை உள்ளதுதான். ஃபர்மார்க்கில் கார்டு பவர் லிமிட்டில் முட்டி கிளாக்கைக் குறைத்துக்கொள்கிறது. கேமில் லோடு ஏறி இறங்கும்போதுதான் கிளாக் உச்சத்தைத் தொடும், கரண்ட்டும் குதிக்கும். கார்டின் வேகத்தையும் வாட்டையும் மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் முதலில் கோர் கிளாக்கை மட்டும் 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்து விளையாடுங்கள். உறைவது நின்றால் சில்லு அந்த வேகத்தைத் தாங்கவில்லை; ஃபேக்டரி ஓவர்கிளாக் கார்டுகளில் இது சகஜம், வாரன்டிக்கு அனுப்பலாம். நிற்காவிட்டால் கிளாக்கைப் பழையபடி வைத்துவிட்டு பவர் லிமிட்டை 70 சதவீதமாக்குங்கள். இந்த வரிசை முக்கியம்: பவர் லிமிட்டைக் குறைத்தால் கிளாக்கும் சேர்ந்தே குறையும், முதலிலேயே அதைச் செய்தால் எது காரணம் என்று பிரிக்க முடியாது. கிளாக்குக்கு அசையாத கோளாறு பவர் லிமிட்டுக்கு அடங்கினால் கேபிளையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் பிடியுங்கள்.

கார்டுக்குக் கரண்ட் தரும் 8 பின் கனெக்டர் ஒன்றுக்கு 150 வாட், ஸ்லாட் வழியாக 75 வாட் என்பது கணக்கு. ஒரே கேபிளின் நுனியில் தொங்கும் இரண்டு தலையையும் 300 வாட் கார்டில் செருகியிருந்தால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனி கேபிளாக மாற்றுங்கள். புது 12 பிளஸ் 4 பின் கனெக்டர் இடைவெளி தெரியாமல் முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும். செருகிய இடத்திலிருந்து 3, 4 செ.மீ. வரை வளைக்கக்கூடாது. கழற்றும்போது பழுப்பு நிறமோ உருகிய தடமோ தெரிந்தால் மறுபடி செருகாதீர்கள். கார்டு கணநேரம் இரண்டு மடங்கு வாட் இழுக்கும். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, எஸ்எம்பிஎஸ் தன் அளவைப் போல இரு மடங்கை 100 மைக்ரோ நொடி தாங்க வேண்டும் என்றே சொல்கிறது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் எழுதியிருக்கும் வாட் போதும்போலத் தெரிந்தாலும் திணறுவது இதனால்தான். சோதனைக்கு வேறு எஸ்எம்பிஎஸ் இரவல் வாங்கினால் அதன் கேபிள்களையும் சேர்த்தே வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ் முனையில் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கேபிள் பொருந்தும், ஆனால் எஸ்எஸ்டி புகைந்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் இருக்கலாம்.

கார்டைச் செங்குத்தாக வைக்க ரைசர் கேபிள் போட்டிருந்தால், அதைக் கழற்றி கார்டை நேராக ஸ்லாட்டில் செருகுங்கள். மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் ரைசரில் நான்காம் தலைமுறை கார்டு உறைவது வழக்கமான சங்கதி. கழற்ற வழியில்லை என்றால் பயாஸில் ஸ்லாட்டை ஜென்3, அதாவது மூன்றாம் தலைமுறை ஆக்குங்கள். கேமில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

வெப்பத்தைப் பற்றித் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். ரைசன் 7000 வரிசையின் பெரிய மாடல்கள் 95 டிகிரி வரை போவது வடிவமைப்பே. சூடானால் ப்ராசஸர் வேகத்தைக் குறைக்கும், எல்லை மீறினால் அணையும், உறைவது அபூர்வம். ஆன் செய்த சில நொடியில் 95, 100 என்று ஏறினால் மட்டும் கூலரின் அடியில் பிளாஸ்டிக் ஃபிலிமை உரிக்காமல் விட்டிருக்கிறீர்களா, பம்ப் வயர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் போதும். சாட்டா டிஸ்க்கில் சி7 எண் (கேபிளில் தகவல் போகும்போது விழும் பிழைகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போனால் கேபிளை மாற்றுங்கள், டிஸ்க்கை அல்ல. பழைய படங்கள் சேர்த்து வைத்திருக்கும் சாகப்போகிற ஹார்ட் டிஸ்க்குக்கும் கேமுக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்காதீர்கள்; அதைத் தொட முயன்று விண்டோஸ் மொத்தமும் காத்து நிற்கும். பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

மென்பொருளா, ஹார்டுவேரா என்ற சந்தேகத்தைத் தீர்க்க இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, அதிலேயே லோடு கொடுத்து, மும்மடங்கு நேரம் ஓட்டுங்கள். அங்கேயும் உறைந்தால் விண்டோஸை மறுபடி போட்டு நேரத்தை வீணடிக்க வேண்டாம். அங்கே ஓடுகிறது என்றால் டிடியூ என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளை சேஃப் மோடில் ஓட்டி கிராஃபிக்ஸ் டிரைவரைச் சுத்தமாக நீக்கிப் புதிதாகப் போடுங்கள். ஓவர்லேக்கள் (கேம் மேலேயே தகவல் காட்டும் மென்பொருள்கள்), ஆர்ஜிபி விளக்கு மென்பொருள்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இரண்டு கம்பெனி ஆர்ஜிபி மென்பொருள்கள் ஒரே சில்லைப் பிடித்து இழுப்பது நிறைய உறைதலுக்குக் காரணம்.

இதுவும் பலிக்காவிட்டால் போர்டை கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, அதன் அட்டைப் பெட்டி மேல் வைத்து, ப்ராசஸர், கூலர், ஒரு ஸ்டிக் ராம், ஒரு எஸ்எஸ்டி மட்டும் போட்டு ஓட்டுங்கள். ப்ராசஸரில் கிராஃபிக்ஸ் இருந்தால் கார்டும் வேண்டாம். வெளியே ஓடி உள்ளே உறைந்தால், போர்டில் துளையே இல்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் உலோகக் குமிழ்) முட்டிக்கொண்டு ஷார்ட் ஆகிறதா என்று தேடுங்கள். வெளியேயும் உறைந்தால் மிச்சம் இருப்பது நாலைந்து பாகம்தான். ஒவ்வொன்றாக மாற்றி வையுங்கள், போர்டைக் கடைசியில்.

குற்றவாளி கிடைத்த பிறகு, கழற்றியதையும் அணைத்ததையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள், எக்ஸ்எம்பியைக் கடைசியாக. 5600இல் அசையாமல் ஓடி 6000இல் வாரம் ஒருமுறை உறைகிறது என்றால் 5600இலேயே விட்டுவிடுங்கள். அந்த 400-ஐ விட்டுக்கொடுப்பதால் போவது சில ஃபிரேம்கள்தான்.