ஒரு கொடுவா, மூன்று தாள்கள்

எம்.எஸ்சி. விலங்கியலில் உடலியங்கியல், கடல் சூழலியல், பரிணாமம் மூன்றும் ஒரே செமஸ்டரில் வந்தால், பலரும் மூன்று நோட்டு போட்டுத் தனித்தனியாக உருப்போடுவார்கள். எனக்குக் கைகொடுத்தது வேறு வழி. ஒரே விலங்கைப் பிடித்துக்கொண்டு மூன்று தாளுக்குள்ளும் போய் வந்தேன். நான் பிடித்தது கொடுவா மீன்.

கொடுவா உப்பு மிகுந்த நீரில் முட்டையிடும். குஞ்சுகள் கழிமுகத்துக்கும் ஆற்றுக்கும் ஏறி வளர்ந்து, முதிர்ந்ததும் கீழே இறங்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு; மீனின் இரத்தத்தின் அடர்த்தியோ அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே கடலில் உடம்பு நீரை இழந்துகொண்டே இருக்கும். மீன் கடல்நீரைக் குடிக்கும், செவுளிலுள்ள குளோரைடு செல்கள் உப்பை வெளியே தள்ளும், சிறுநீர் சொற்பம். ஆற்றில் எல்லாம் தலைகீழ். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து அம்புக்குறி போடுங்கள். அயனிகளைக் கடத்தும் புரதமான சோடியம்-பொட்டாசியம் பம்பு அந்தக் குளோரைடு செல்லின் இரத்தப் பக்கச் சவ்வில்தான் இருக்கிறது என்பது வரையும்போதுதான் மண்டையில் ஏறும்.

சூழலியலுக்கு வகுப்பறை போதாது. பறங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்துக்குப் போனால் நீரின் உப்பளவைக் காட்டும் கைக்கருவியான ரிஃப்ராக்டோமீட்டர் கொண்டுபோங்கள். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடுதான் உப்பளவு. ஓதம் ஏறி இறங்கும்போதும், ஐப்பசி மழைக்கு அப்புறமும் அந்தக் கோடு நகர்வதைப் பார்த்தால், அங்கே எல்லா மீனும் ஏன் தங்குவதில்லை என்று யாரும் விளக்க வேண்டாம்.

பரிணாமத்துக்கும் கொடுவாவே போதும். பெரும்பாலும் முதலில் ஆணாக முதிர்ந்து, பெரிதானபின் பெண்ணாக மாறும். உடல் பெருத்தால் முட்டை கூடும். அந்த லாபம் ஆணுக்கு அவ்வளவு இல்லை. சுறாவை மட்டும் தனியாகப் படியுங்கள்: அது இரத்தத்தில் யூரியாவைத் தேக்கிக் கடலைச் சமாளிக்கிறது. தென்கிழக்கு ஆசியாவின் நண்டுண்ணித் தவளையும் அதையே செய்கிறது. நெருங்கிய உறவில்லாத உயிர்கள் ஒரே தீர்வுக்கு வந்து சேரும் குவிபரிணாமத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உயிர் அறிவியல் எழுதுபவர்களுக்கு இந்த மூன்று பாடங்களும் 7, 10, 11-ஆம் அலகுகள். சி பகுதியில் 75 கேள்விகளில் 25-க்குத்தான் விடை எழுத வேண்டும். சரியானால் 4 மதிப்பெண், தப்பானால் 1 போகும். படம் வரைந்து சரிபார்க்க முடிகிற கேள்விகளை முதலில் எடுங்கள். பெயரும் ஆண்டும் கேட்பவற்றை அப்புறம் பார்க்கலாம்.